பச்சைக் கரடி, ஓடிப்போன நீர்யானை, ஒரு ஞாயிற்றுக்கிழமை… தெரியுமா?

மெட்ராஸில் ஒரு காலத்தில் இரண்டு காலேஜ் இருந்தன. ஒன்றில் இருப்பதெல்லாம் செத்தவை. இன்னொன்றில் இருப்பதெல்லாம் உயிரோடு இருப்பவை. இரண்டிலும் பாடம் கிடையாது, பரீட்சை கிடையாது. என்ன காலேஜ் என்று தெரியுமா?

எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. பட்டணம் பார்க்கப் போன சனங்களின் வாயில் அப்படித்தான் பெயர். எங்கள் தாத்தா ஒரு வருடம் முந்திரி நன்றாக விளைந்த காசில் மெட்ராஸ் போய்விட்டு வரதராஜன்பேட்டைக்குத் திரும்பி, "ரெண்டு காலேஜும் பாத்துட்டேன்" என்று தெருவெல்லாம் சொன்னாராம். டிகிரி வாங்கியவர்கூட அவ்வளவு பெருமை அடித்திருக்க மாட்டார்!

இதில் ஒரு வேடிக்கை. உயிர் காலேஜ் பிறந்ததே செத்த காலேஜின் வயிற்றில்தான். எட்வர்ட் பால்ஃபர் என்ற வெள்ளைக்கார டாக்டர் மெட்ராஸ் மியூசியத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். உயிருள்ள சில விலங்குகளை மியூசியத் தோட்டத்தில் வைத்துப் பார்த்தார். கூட்டம் அலைமோதியது! ஆர்க்காட்டு நவாபும் தன்னிடமிருந்த விலங்குகளைக் கொடுத்தார். 1855-ல் மிருகக்காட்சி சாலை தயார். இந்தியாவின் மிகப் பழைய பொது மிருகக்காட்சி சாலை என்று இன்றும் இதைத்தான் சொல்கிறார்கள். பிறகு அது சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. 1985-ல் வண்டலூர் காட்டுக்குக் குடிபெயர்ந்தது.

அந்த வண்டலூர் வாசலை நான் எத்தனை முறை கடந்திருப்பேன் என்று கணக்கில்லை. திருச்சியில் டிக்கெட் கிடைக்காதபோதெல்லாம் ஊரிலிருந்து பஸ் பிடித்து மீனம்பாக்கம் ஓடுகிறவன் நான். விடியற்காலை ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் அந்த வாசலைத் தாண்டும்போது மடியில் பாஸ்போர்ட், வயிற்றில் கலக்கம். எட்டிப் பார்த்ததோடு சரி, ஒரு நாளும் இறங்கியதில்லை. என் முதல் உயிர் காலேஜைப் பார்க்க நான் கடல் தாண்டி சிங்கப்பூருக்குத்தான் வர வேண்டியிருந்தது. அதுவும் இங்கே வந்து ஒன்பது வருடம் கழித்து!

சிங்கப்பூரில் எங்களைப் போன்ற கட்டுமானத் தொழிலாளிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் தேக்கா வட்டாரம். சிராங்கூன் ரோட்டில் நின்று ஊர்க்காரனைப் பார்த்து, வீட்டுக்குப் பணம் அனுப்பி, ஒரு சாப்பாடு சாப்பிட்டு, ராத்திரி டார்மிட்டரிக்கு பஸ் ஏறுவதோடு வாரம் முடிந்துவிடும். எனக்கு அதோடு இன்னொரு வேலையும் உண்டு. காலையில் ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலில் தமிழ்ப் பூசை. 1888-ல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகவே கட்டி மந்திரிக்கப்பட்ட கோயில் அது, தெரியுமா? எங்கள் ஊர் அலங்கார அன்னையின் தேரைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அயல்நாட்டில் அந்த வாசல்படிதான் பாதி ஊர்.

போன வருடம் ஒரு ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், தொண்டு செய்கிற சிலர் தொழிலாளிகளுக்கு மிருகக்காட்சி சாலை டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். காசு கொடுத்து வாங்கினால் நாற்பது வெள்ளிக்கு மேல். எனக்கு அது ஒன்றரை நாள் சம்பளம். கூட இருந்த ஆண்டிமடத்து அண்ணன் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: "வாரம் பூரா சூப்பர்வைசர் மூஞ்சியப் பாக்குறோம். ஒரு நாளாச்சும் நல்ல மூஞ்சியாப் பாப்போம், வாடா தம்பி."

அங் மோ கியோவில் 138-ம் நம்பர் பஸ் பிடித்தோம். போகப் போகக் கட்டடங்கள் குறைந்து மரம் கூடிக்கொண்டே வந்தது. மண்டாய். மேல் சிலேத்தார் நீர்த்தேக்கத்துக்குள் மூக்கு நீட்டியதுபோல ஒரு நிலத்துண்டு, அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது சிங்கப்பூர் மிருகக்காட்சி சாலை. மொத்தமே முப்பது ஹெக்டேர் தேறாது. நம் வண்டலூர் 602 ஹெக்டேர்! இருபது மடங்குக்கு மேல்! அண்ணனிடம் சொன்னதும் அவருக்கு நெஞ்சு ஒரு அங்குலம் கூடிவிட்டது.

அந்த நீர்த்தேக்கத்தைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். அதற்குள் ஒரு நீர்யானை 47 நாள் தலைமறைவாக இருந்தது தெரியுமா? 1973 ஜூன் 27-ல் பூங்கா திறந்தது. அடுத்த வருடத் தொடக்கத்திலேயே 'கொங்கோ' என்ற நீர்யானை நழுவி நீர்த்தேக்கத்தில் இறங்கிவிட்டது. டன் கணக்கில் எடையுள்ள பிராணி. மூக்கை மட்டும் வெளியே நீட்டி மூச்சு வாங்கிக்கொண்டு ஒன்றரை மாதம் அத்தனை பேருக்கும் தண்ணி காட்டியிருக்கிறது! அதே சமயத்தில் ஈலாண்ட் என்ற பெரிய ஆப்பிரிக்க மான் ஒன்றும் கம்பி நீட்டியது. புதுப் பூங்கா, புதுப் பூட்டு போலிருக்கிறது.

நீர்யானைக்கு வேர்க்கும்போது என்ன நடக்கும் தெரியுமா? உடம்பெல்லாம் சிவப்பாகக் கசியும். ரத்தம் என்று நினைத்துப் பதறினவர்கள் உண்டு. ரத்தமும் இல்லை, சரியாகச் சொன்னால் வேர்வையும் இல்லை. வெயில் சுடாமல் காக்கிற, கிருமியையும் அண்டவிடாத ஒரு பூச்சு அது, தோலிலிருந்து தானே சுரக்கிறது. மதியம் பன்னிரண்டு மணிக்கு மொட்டை மாடியில் கம்பி கட்டுகிறவனுக்கு அப்படி ஒன்று சுரந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

உள்ளே போனதும் என்னைத் திகைக்க வைத்தது விலங்குகள் இல்லை. கம்பி எங்கே? கூண்டு எங்கே? எதிரே புல்தரை, அதில் வெள்ளைப் புலி, நடுவில் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத அகழி. அவ்வளவுதான். ஒவ்வொரு விலங்கும் எவ்வளவு தூரம் தாவும், எவ்வளவு உயரம் ஏறும், தண்ணீருக்குப் பயப்படுமா என்று கணக்குப் போட்டு அகழி வெட்டியிருக்கிறார்கள். வேலியைச் செடிக்குப் பின்னால் ஒளித்துவிட்டார்கள்.

இந்த யோசனை யாருடையது என்று தேடிப்போனால் கதை எங்கெங்கோ இழுத்துப்போகிறது. பூங்காவுக்கு விதை போட்டவர் ஓங் சுவீ லா. தண்ணீர், மின்சாரம் பார்க்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் தலைவர். நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள நிலத்தில் மக்களுக்கு ஒரு பூங்கா இருக்கட்டுமே என்று 1968-ல் கிளப்பினார். அதற்கு வரைபடம் போட ஆள் எங்கிருந்து வந்தார் தெரியுமா? லண்டனிலிருந்தா? இல்லை, இலங்கையிலிருந்து! கொழும்பு தெஹிவளை மிருகக்காட்சி சாலையின் இயக்குநர் லின் டி அல்விஸ். பின்னாளில் 1994-ல் திறந்த, உலகின் முதல் இரவு மிருகக்காட்சி சாலையான 'நைட் சஃபாரி'யிலும் அவர் யோசனை உண்டு.

சரி, தெஹிவளையை ஆரம்பித்தவர் யார்? 1920-களில் ஜான் ஹாகன்பெக் என்ற ஜெர்மானியர். அவருடைய மாற்றாந்தாய் வழி அண்ணன் கார்ல் ஹாகன்பெக்தான் 1907-ல் ஹாம்பர்க்கில், கம்பி இல்லாமல் அகழி மட்டும் வெட்டி விலங்குகளைக் காட்டும் பூங்காவை உலகத்துக்கு முதலில் திறந்துவிட்டவர். ஹாம்பர்க், கொழும்பு, மண்டாய். ஒரு அகழி எத்தனை கடல் தாண்டியிருக்கிறது பாருங்கள்!

ஆனால் இதே கார்ல் ஹாகன்பெக் வேறொன்றும் செய்தார். 1880-களில் இலங்கையிலிருந்து யானைகளோடு மனிதர்களையும் கப்பலேற்றிக் கூட்டிப்போய், ஐரோப்பிய நகரங்களின் மிருகக்காட்சி சாலைகளில் காட்சிக்கு வைத்தார். குடிசை போட்டுக் கொடுத்து, ஆடச் சொல்லி, சமைக்கச் சொல்லி, வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் டிக்கெட் வாங்கி வேடிக்கை பார்த்தன. ஆப்பிரிக்கர்கள், லாப்லாந்துக்காரர்கள், எஸ்கிமோக்கள் என்று அவர் காட்டாத ஆளில்லை. போனவர்களுக்குச் சம்பளம் இருந்தது, ஒப்பந்தம் இருந்தது. நமக்கும்தான் இருக்கிறது. ஆனாலும் அதைப் படித்த ராத்திரி எனக்கு நெடுநேரம் தூக்கம் வரவில்லை. கம்பியை எடுத்த கைதான் மனிதனைக் காட்சிப்பொருளாக்கிய கையும். அந்த மனிதரைப் பெரிய மனது பண்ணி மன்னிக்க என்னால் முடியவில்லை.

மண்டாய்க்கு முன்னாலும் சிங்கப்பூரில் மிருகக்காட்சி சாலை நடத்திய ஒரு இந்திய வம்சாவளிக்காரர் உண்டு, தெரியுமா? வில்லியம் லாரன்ஸ் சோமா பாசப்பா. பெரிய நிலக்கிழார். சாங்கியில் சோமாப்பா கிராமம் என்று ஒரு ஊரே அவர் அப்பா பெயரில் இருந்தது. பாசப்பாவுக்கு விலங்குப் பைத்தியம். முதலில் சிராங்கூன் ரோட்டில் வீட்டோடு வைத்திருந்தார். ஆமாம், நாம் இன்றைக்குப் பரோட்டா தின்கிற அதே ரோடு! 1928-ல் பொங்கோல் கடற்கரைக்கு மாற்றினார். 'அப்பே' என்ற வங்கப் புலி அவர் செல்லம். சங்கிலி போட்டுக் கூடவே நடத்திக்கொண்டு போவாராம். அக்கம்பக்கம் என்ன பாடு பட்டிருக்கும்!

முடிவு சோகம். 1942-ல் ஜப்பான்காரன் வடக்கேயிருந்து இறங்குகிறான். பொங்கோல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வேண்டும். விலங்குகளை அப்புறப்படுத்த அவருக்குக் கொடுத்த நேரம் 24 மணி. சிங்கத்தையும் புலியையும் ஒரே நாளில் எங்கே கொண்டுபோவது? ஆபத்தில்லாதவற்றை அவிழ்த்துவிட்டு, மற்றவற்றையெல்லாம் சுட்டுவிட்டார்கள். அடுத்த வருடமே பாசப்பாவும் போய்விட்டார்.

அண்ணனுக்கு வரலாறெல்லாம் வேண்டாம். "குரங்கு எங்கடா?" என்று நடையைக் கட்டினார். தலைக்கு மேலே கயிற்றில் ஒராங் ஊத்தான் ஒன்று சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது. மலாயில் 'ஒராங்' என்றால் ஆள், 'ஹுத்தான்' என்றால் காடு. காட்டு ஆள்! இங்கே அவற்றுக்குக் கூண்டு இல்லை, மரத்துக்கு மரம் போய்க்கொள்ளலாம்.

இந்தப் பூங்காவின் ராணியாக இருந்தது 'ஆ மெங்' என்ற சுமத்ரா ஒராங் ஊத்தான். இந்தோனேசியாவிலிருந்து கடத்தி வரப்பட்டு ஒரு வீட்டில் செல்லப்பிராணியாக இருந்தவளை 1971-ல் மீட்டார்கள். அவளோடு உட்கார்ந்து காலைப் பலகாரம் சாப்பிட உலகம் முழுவதிலுமிருந்து ஆள் வந்தது. இங்கிலாந்து இளவரசர் பிலிப் வந்தார். மைக்கேல் ஜாக்சன் அவளைச் சந்தித்தார். 1982-ல் ஒரு விளம்பரப் படம் எடுக்கக் காட்டுப் பக்கம் கூட்டிப்போனபோது மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள், மூன்று நாள் இறங்கவே இல்லை! 2008 பிப்ரவரியில் அவள் இறந்தபோது நினைவு நிகழ்ச்சிக்கு நாலாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். இன்று பூங்காவில் அவளுக்குச் சிலை இருக்கிறது.

நான் அங்கே அரைமணி நேரம் நின்றுவிட்டேன். காரணம் சிலை இல்லை. ஒரு தாய், இடுப்பில் ஒட்டிக்கொண்ட குட்டி. ஒராங் ஊத்தான் ஒரு பிள்ளை பெற்றால் அடுத்த பிள்ளைக்கு ஏழெட்டு வருடம் ஆகும். பாலூட்டிகளிலேயே இவ்வளவு நீளமான இடைவெளி அபூர்வம். அத்தனை வருடமும் எந்தப் பழம் எப்போது பழுக்கும், எந்தக் கிளை தாங்கும், ராத்திரிக்கு இலைப்படுக்கை எப்படிக் கட்டுவது என்று கூடவே வைத்துச் சொல்லிக்கொடுக்குமாம். அந்தக் குட்டி தாயின் வாயிலிருந்த இலையைப் பிய்த்துத் தன் வாயில் போட்டு, முகம் சுளித்து, திரும்பவும் தாயின் வாயிலேயே திணித்தது. தாய் அதையும் வாங்கி மென்றது. என் மகளுக்கு வயது எட்டு. நான் அவளோடு இருந்த நாட்களைக் கூட்டினால் ஆறு மாதம் தேறுமா என்று தெரியவில்லை.

அதனால்தான் அங்கிருந்தே வீடியோ கால் போட்டேன். எடுத்ததும், "அப்பா, பனிக்கரடி காட்டு" என்றாள். பனிக்கரடி இப்போது இல்லை. ஆனால் கதை இருக்கிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், வருடம் முழுக்க வேர்த்துக்கொட்டும் ஊரில், ஒரு பனிக்கரடி பிறந்து 27 வருடம் வாழ்ந்தது என்றால் நம்புவீர்களா? பெயர் இனூக்கா. 1990 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பிறப்பு. வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் பனிக்கரடி! 2004-ல் அதுவும் அதன் தாய் ஷீபாவும் பச்சையாக மாறிவிட்டன.

"பச்சையாவா? கிளி மாதிரியா?"

"கிளி மாதிரி இல்லம்மா, நம்ம ஊர் ஏரிப் பாசி மாதிரி."

பாசியேதான்! பனிக்கரடியின் முடி வெள்ளையே இல்லை, தெரியுமா? நிறமே இல்லாத, உள்ளே பொள்ளலான குழாய். வெளிச்சம் பட்டுச் சிதறுவதால் நம் கண்ணுக்கு வெள்ளை. முடிக்குக் கீழே தோல் கன்னங்கரேலென்று இருக்கும். சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் அந்தக் குழாய்க்குள் பாசி குடியேறிவிட்டது. சலூனில் முடிக்கு ப்ளீச் போடுகிற ஹைட்ரஜன் பெராக்சைடால்தான் கழுவி எடுத்தார்கள். வெப்பமண்டலத்துக்கு இனி பனிக்கரடி வேண்டாம் என்று பூங்கா பிறகு முடிவெடுத்தது. முதுமையின் வலி தாங்காத இனூக்காவை 2018 ஏப்ரல் 25-ல் மயக்க நிலையிலேயே விடை கொடுத்து அனுப்பினார்கள். வடதுருவத்தையே பார்க்காத பனிக்கரடி. மகளிடம் இந்தக் கடைசிப் பகுதியைச் சொல்லவில்லை.

நேரம் ஓடிக்கொண்டிருந்தது, நாங்களும் ஓடினோம். பானை வயிறும் தொங்கு மூக்குமாக போர்னியோ தீவின் மூக்குக் குரங்கு: அதற்கு மலாய்க்காரர்கள் வைத்த பட்டப்பெயர் 'ஹாலந்துக்காரன்'! டச்சுக்காரத் துரைகளைப் பார்த்த கடுப்பு. நன்றாகப் பழுத்த இனிப்புப் பழம் அதற்கு ஆகாது, வயிற்றில் புளித்து ஊதி உயிருக்கே ஆபத்து. காயும் இலையும்தான் சாப்பாடு. ஸ்லாத் என்கிற தேவாங்குச் சாயல் சோம்பேறி வாரத்துக்கு ஒருமுறைதான் மரத்தைவிட்டு இறங்கும், அதுவும் வெளிக்குப் போக. அண்ணன் உடனே, "நம்ம ஆளுடா, நாமளும் வாரத்துக்கு ஒரு நாள்தானே இறங்குறோம்" என்றார். ஒட்டகச்சிவிங்கியின் அவ்வளவு நீளக் கழுத்திலும் எலும்பு ஏழுதான், உங்கள் கழுத்திலும் ஏழுதான். எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடியில்லாத துன்னெலியைப் பார்த்தபோது மட்டும் அண்ணன் வாயடைத்துப் போனார். சுட்ட வேர்க்கடலைக்குக் கை கால் முளைத்தாற்போல இருக்கும். எறும்புபோல ஒரே ராணி, மற்றதெல்லாம் வேலைக்காரர்கள். எலிச் சாதியில் பிறந்து முப்பது வருடத்துக்கு மேல் வாழும். ஆக்ஸிஜனே இல்லாமல் 18 நிமிடம் தாக்குப்பிடிக்கும்! குழாய்க்குள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, ஒன்றின் கால் இன்னொன்றின் வாயில், அப்படித் தூங்கிக்கொண்டிருந்தன. எங்கள் டார்மிட்டரி அறையில் எத்தனை பேர் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

பிற்பகலில் யானைகளிடம் வந்தோம். இங்கே ஒரு அதிசயம் கேளுங்கள். யானைகள் பேசிக்கொள்வதில் பாதி நம் காதில் விழாது, தெரியுமா? அதைக் கண்டுபிடித்ததும் ஒரு மிருகக்காட்சி சாலையில்தான். 1984-ல் கேட்டி பெய்ன் என்ற அமெரிக்கப் பெண்மணி, திமிங்கலப் பாட்டு ஆராய்ச்சி செய்தவர், போர்ட்லண்ட் நகரப் பூங்காவில் யானைகளின் பக்கத்தில் ஒரு வாரம் சும்மா உட்கார்ந்திருந்தார். சத்தம் எதுவும் இல்லை. ஆனால் காற்று அவ்வப்போது மெல்ல அதிர்வதுபோல் ஓர் உணர்வு. விமானத்தில் திரும்பும்போதுதான் பொறி தட்டியது. சிறுமியாகக் கோயில் பாடகர் குழுவில் நின்றபோது, ஆர்கனின் மிகத் தாழ்ந்த சுரம் காதில் கேட்காமல் நெஞ்சில் அதிருமே, அதே அதிர்வு! கருவிகளோடு திரும்பிப் போய்ப் பதிவுசெய்து, வேகம் கூட்டிப் போட்டுக் கேட்டால், யானைகளின் உரையாடல்! நம் செவிக்கு எட்டாத அந்தக் குரல் கிலோமீட்டர் கணக்கில் போகும்.

நானும் அண்ணனும் பேசாமல் உட்கார்ந்து பார்த்தோம். எனக்கு ஒன்றும் அதிரவில்லை. ஆனால் வாரம் முழுக்க டிரில்லிங் மெஷினும் பைலிங்கும் கேட்ட காதுக்கு அந்த ஒரு மணி நேர அமைதி போதுமாக இருந்தது. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார். யாரும் எங்களை எழுந்திரு என்று சொல்லவில்லை.

வளைகுடாவில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, அவர்களுக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். அரேபிய ஓரிக்ஸ் என்று நீளக் கொம்புள்ள வெள்ளை மான் உண்டு. வேட்டையாடி வேட்டையாடி 1972-ல் பாலைவனத்தில் ஒன்றுகூட இல்லாமல் போய்விட்டது. ஆனால் அதற்குப் பத்து வருடம் முன்பே சிலர் சுதாரித்திருந்தார்கள். அரேபியாவில் பிடித்தவை மூன்று, லண்டன் மிருகக்காட்சி சாலை கொடுத்தது ஒன்று, குவைத்திலிருந்து ஒன்று, சவூதி மன்னர் நான்கு. இந்த ஒன்பதையும் அமெரிக்காவில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் பூங்காவுக்கு அனுப்பினார்கள். அங்கே பெருகின. 1982-ல் ஓமன் பாலைவனத்துக்குத் திரும்பி வந்துவிட்டன! பெர்மிட் முடிந்து ஊர் திரும்பிய கூட்டம். அந்த ஒரு காரணத்துக்காகவே மிருகக்காட்சி சாலைகளைத் திட்டுகிற நண்பர்களோடு நான் சண்டை போடுவதுண்டு.

சிங்கத்தைக் கடைசிக்கு வைத்திருந்தோம். சிங்கப்பூரில் சிங்கம் பார்க்காமல் போனால் ஊரில் கேட்பார்கள். ஆனால் சிங்கப்பூர்க் காட்டில் சிங்கம் இருந்ததே இல்லை, தெரியுமா? இருந்தது புலி, கடைசிக் காட்டுப் புலியை 1930-ல் சுவா சூ காங் பக்கம் சுட்டார்கள். பிறகு எப்படி இந்தப் பெயர்? அன்று தெமாசெக் எனப்பட்ட இந்தத் தீவில் கரையிறங்கிய சாங் நீல உத்தமன் என்ற இளவரசன் ஒரு விலங்கைப் பார்த்தான், சிங்கம் என்று சொன்னார்கள், அதனால் சிங்கபுரம் என்கிறது மலாய் மக்களின் பழைய வரலாற்று நூல் 'செஜாரா மெலாயு'.

அந்த உத்தமனின் பாட்டன் வழி யார் தெரியுமா? பிடித்துக்கொள்ளுங்கள்: ராஜா சூலன்! சோழன்தான் அந்தச் சூலன் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. சீனாமேல் படையெடுக்கப் பெரும் சேனையோடு சூலன் தெமாசெக் வரை வந்தானாம். சீனர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். துருப்பிடித்த ஊசிகளையும், காய்த்துக் குலுங்கும் மரங்களையும், பல்லில்லாக் கிழவர்களையும் ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். "கிளம்பும்போது நாங்கள் சின்னப் பையன்கள், இந்த மரங்கள் விதைகள், இந்த ஊசிகள் கை தடிமன் இரும்புக் கம்பிகள். சீனா அவ்வளவு தூரம்" என்று கிழவர்கள் சொல்ல, சூலன் திரும்பிவிட்டான்! போகிற வழியில் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து கடலடிக்கு இறங்கி, அங்கே ஒரு இளவரசியையும் மணந்துகொண்டான். அந்த வழியில் வந்தவன்தான் சிங்கம் பார்த்தவன்.

கதை கதைதான். ஆனால் 1025-ல் கடாரத்துக்குக் கப்பற்படை அனுப்பிய ராஜேந்திர சோழனின் தலைநகரம் எது? கங்கைகொண்ட சோழபுரம்! எங்கள் அரியலூர் மாவட்டம்! அந்தக் கோயில் வளாகத்தில் வாய் பிளந்து உட்கார்ந்திருக்கிற சிங்கத்தின் உடம்புக்குள் வாசல் வைத்து, படி இறக்கி, கிணற்றுக்குப் போகவிட்டிருக்கிறார்கள். சிங்கக் கிணறு. பள்ளிச் சுற்றுலாவில் போய் அதன் முன்னால் போட்டோ எடுத்தவன் நான். ஆக, மண்டாயில் கொட்டாவி விட்ட அந்தச் சிங்கத்தைப் பார்த்து அண்ணன், "எங்க ஊர்ச் சிங்கத்துக்கு வயிறு பூரா தண்ணி" என்று சொன்னதில் தப்பே இல்லை.

ராத்திரி டார்மிட்டரியில் படுத்துக்கொண்டு போனில் தேடியபோது இன்னொன்று கிடைத்தது. தூக்கிவாரிப்போட்டது. உலகில் நடமாடிய மிகப் பெரிய விலங்குகளின் பட்டியலில் நிற்கிற ஒன்று எங்கள் மாவட்டத்துக் கள்ளமேட்டில் கிடைத்தது, தெரியுமா? 1987-ல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு ஆய்வாளர்கள் பெயர் வைத்தார்கள்: புருகத்காயோசாரஸ். பெரும் உடம்புடைய பல்லி! முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர். என்னைவிட உயரம்! முதலில் மாமிசம் தின்னும் டைனோசர் என்றார்கள், பிறகு இலை தின்னும் நீளக்கழுத்துக்காரன் என்று திருத்தினார்கள். ஆனால் ஐயோ, அந்த எலும்பு இப்போது இல்லை. ஈரத்தில் உதிர்ந்து பொடிப்பொடியாகிவிட்டது. மிஞ்சியது வரைபடமும் வர்ணனையும்தான். 2009-ல் செந்துறை ஓடைப் பக்கம் டைனோசர் முட்டைக் குவியல்களைக் கண்டதாக சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தார் அறிவித்தார்கள். சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டுகிற அரியலூர்ச் சுரங்கங்களில் கடல் சங்கும் நத்தையும் கல்லாகிக் கிடக்கின்றன. நாங்கள் சிங்கப்பூரில் சிமென்ட் குழைக்கிறோம், ஊரில் கடலையே சிமென்டாக அரைக்கிறார்கள்.

உயிரோடு பார்க்க வேண்டுமா? கரைவெட்டி ஏரிக்குப் போங்கள். மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிறையும் ஏரி. 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் இடம் பிடித்துவிட்டது. குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் மங்கோலியா, திபெத் பக்கத்திலிருந்து இமயமலையையே தாண்டிப் பறந்து வரும். 7,000 மீட்டருக்கு மேல் பறந்ததை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். பாஸ்போர்ட் இல்லை, ஏஜென்ட் கமிஷன் இல்லை, வெயில் ஏறியதும் ஊருக்குத் திரும்பிவிடும்.

என் மகள் இன்னும் கரைவெட்டி பார்த்ததில்லை. வருகிற கிறிஸ்துமஸுக்கு லீவு எழுதிக்கொடுத்துவிட்டேன். ஊரில் இருக்கும் நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. டிசம்பரிலோ ஜனவரியிலோ ஒரு ஞாயிறு காலை பூசை முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கரைவெட்டிக்குப் போய்விட்டு வாருங்கள். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும் இருக்கிறது. இன்னொன்று: முந்திரிக்கொல்லையில் உழும்போதோ கிணறு வெட்டும்போதோ எலும்பு மாதிரி, முட்டை மாதிரி கல் ஏதாவது தட்டுப்பட்டால் வரப்பில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மழையில் நனையாமல் மூடி வைத்துவிட்டு, அந்த அருங்காட்சியகத்துக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.